அன்னக்கிளிக்கும் மயிலுக்கும் நடுவே



இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' பற்றிய சென்ற இதழின் கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலான கடிதங்களில் ஒரே கதைதான். முதல் பாடல் பதிவின்போது மின்சாரம் போனது, ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருந்ததால் பஞ்சு அருணாசலம் 'இளைய' சேர்த்துப் பெயர் வைத்தது, டீக்கடை வானொலிகள் இந்திப் பாட்டிலிருந்து தமிழுக்குத் திரும்பியது. எல்லாம் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய கதைகள். கேட்டால் இன்னும் இனிக்கத்தான் செய்கின்றன.

இன்னொன்றையும் கவனித்தேன். இளையராஜாவின் தொடக்க காலத்தை எழுதுகிற எவரும் 'அன்னக்கிளி'யில் தொடங்கி, அடுத்த வரியிலேயே '16 வயதினிலே'க்குப் போய்விடுகிறார்கள். முதல் படம் வந்தது 1976 மே 14. பாரதிராஜாவின் அந்தப் படத்து நாயகி மயில் திரைக்கு வந்தது 1977 செப்டம்பர் 15. நடுவில் 16 மாதங்கள் இருக்கின்றன. அந்த 16 மாதங்களில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? இந்த இதழின் சிறப்புப் பகுதிக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டோம். கட்டுரைகள் உள்ளே இருக்கின்றன. அவற்றைத் தொகுக்கும்போது எனக்குத் தோன்றியதை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் படமே இப்படி ஓடிவிட்டால் அதில் ஒரு சங்கடம் உண்டு. 'கிராமத்து மெட்டுக்காரர்' என்ற முத்திரை விழுந்துவிடும். அடுத்து வருகிற தயாரிப்பாளர் எல்லாம் 'அன்னக்கிளி'யில் வந்ததுபோல் இன்னொரு 'மச்சானைப் பாத்தீங்களா' கேட்பார். கேட்டதையே கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு வருடம் ஓடும், அப்புறம் ஆளைக் காணாது. அப்படிக் காணாமல் போனவர்களின் பட்டியல் கோடம்பாக்கத்தில் நீளமானது. அந்த ஆபத்திலிருந்து அவர் தப்பித்தது, இன்று நாம் அதிகம் பேசாத படங்களில்தான் என்பது என் எண்ணம்.

1976-இல் 'அன்னக்கிளி'க்குப் பிறகு மூன்று படங்கள்: 'பாலூட்டி வளர்த்த கிளி', 'உறவாடும் நெஞ்சம்', 'பத்ரகாளி'. முதல் இரண்டும் 'அன்னக்கிளி' எடுத்த அதே தேவராஜ்–மோகன் இயக்கியவை. இந்த இரட்டையர்களுக்குத் தமிழ்த் திரையிசை பட்டிருக்கும் கடனை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை. 1973-இல் அவர்களுடைய 'பொண்ணுக்குத் தங்க மனசு' படத்துக்கு இசை ஜி.கே. வெங்கடேஷ். அவரிடம் உதவியாளராக இருந்தவர் ராஜா. அந்தப் படத்தின் 'தேன் சிந்துதே வானம்' பாட்டில் குருவின் கை எவ்வளவு, சீடனின் கை எவ்வளவு என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. மூன்று வருடம் கழித்து அதே இயக்குநர்கள் ஒரு புதியவரை நம்பி ஒப்புக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

'பாலூட்டி வளர்த்த கிளி'யில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய 'நான் பேச வந்தேன்' இருக்கிறது. படத்தைப் பார்த்தவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பாட்டைத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். இரைச்சலே இல்லாத மெட்டு. இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, அவசரமில்லாமல் நடக்கும். 'உறவாடும் நெஞ்ச'த்தில் அதே இருவர் பாடிய 'ஒரு நாள் உன்னோடு ஒரு நாள்' அதைவிடவும் அடங்கிய பாட்டு. இரண்டிலும் வயற்காட்டு வாசனை துளிகூடக் கிடையாது. முதல் வெற்றி வந்த அதே வருடத்தில், அந்த வெற்றிக்குச் சம்பந்தமே இல்லாத பாட்டுகளை ஒருவர் போட்டிருக்கிறார் என்றால் அது துணிச்சல்தான். பின்னாளில் பாலு–ஜானகி கூட்டணி என்று நாம் கொண்டாடியதற்கு அடித்தளம் போடப்பட்டதும் இங்கேதான்.

'பத்ரகாளி' ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய படம். அதன் நாயகி ராணி சந்திரா, படம் முடிவதற்குள் 1976 அக்டோபரில் பம்பாய் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் சாயலில் இன்னொரு பெண்ணை வைத்து மீதிக் காட்சிகளை எடுத்து, டிசம்பரில் வெளியிட்டார்கள். படத்தைப் பற்றிய பேச்செல்லாம் அந்தத் துயரத்தைச் சுற்றியே போய்விட்டது, அது இயல்பும்கூட. ஆனால் வாலி எழுதி, கே.ஜே. ஜேசுதாஸும் பி. சுசீலாவும் பாடிய 'கண்ணன் ஒரு கைக்குழந்தை' அந்தப் படத்தில்தான் இருக்கிறது. அதே சுசீலா அதே படத்தில் பிராமணப் பேச்சு வழக்கில் ஓர் ஆட்டப் பாட்டும் பாடியிருக்கிறார். தாலாட்டும் ஒரு குரல், குறும்பு பண்ணுவதும் அதே குரல். இருபது வருடத்துக்கு மேல் பாடிக்கொண்டிருந்த ஒரு பெரிய பாடகியிடம், சில படங்களே செய்திருந்த ஒரு புதியவர் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

1977 ஜனவரியில் 'தீபம்'. சிவாஜிக்கு அவர் இசையமைத்த முதல் படம். இங்கே அவருக்கு வேறு வகைச் சிக்கல். சிவாஜி என்றால் டி.எம். சௌந்தரராஜன் குரல், அந்தக் குரலுக்கென்று கால் நூற்றாண்டாக உருவான ஒரு பாணி இருந்தது. அதை உடைத்தால் ரசிகர் கோபிப்பார், அப்படியே வைத்தால் புது இசையமைப்பாளர் எதற்கு என்று கேட்பார். ராஜா செய்ததைப் பாருங்கள். 'அந்தப்புரத்தில் ஒரு மகாராணி' என்று டி.எம்.எஸ்ஸுக்கு அவர் பாணியிலேயே ஓர் அரசவைப் பாட்டு கொடுத்தார். அதே படத்தில் 'பூவிழி வாசலில்' என்று ஜேசுதாஸுக்கும் ஜானகிக்கும் ஒரு பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முந்தைய பத்தாண்டும் வரப்போகிற பத்தாண்டும் ஒரே இசைத்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரியும். சண்டை போடாமல் இடம் பிடிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

'கவிக்குயில்' 1977 ஜூலையில் வந்தது. மறுபடியும் தேவராஜ்–மோகன். சிவகுமார், ஸ்ரீதேவி, ரஜினிகாந்த் என்று இன்று சுவரொட்டியைப் பார்த்தால் வாய் பிளக்க வைக்கும் கூட்டணி. ஆனாலும் அந்தப் படத்தின் கதையைச் சொல்லுங்கள் என்றால் பலர் விழிப்பார்கள். 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' என்றால் விழிக்கமாட்டார்கள். பாடியவர் டாக்டர் எம். பாலமுரளிகிருஷ்ணா. ராகம் ரீதிகௌளை. பாபநாசம் சிவனின் 'தத்வமறிய தரமா' மூலம் கச்சேரி மேடையில் ரசிகர்களுக்கு நன்றாகப் பழகிய ராகம்தான். ஆனால் திரையில் அதற்கு முன் அதைத் தேடிப் போனவர்கள் குறைவு. 

இந்தப் பாட்டில் ராகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அந்தக் குரலை அவர் பயன்படுத்திய விதம். பாலமுரளி 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதருக்காகப் பாடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே வித்துவச் செருக்கைக் காட்ட வேண்டிய வேலை. ராகம் ராகமாக அடுக்கி, கேட்பவரை மிரள வைத்தார். 'கவிக்குயி'லில் அதற்கு நேர் எதிரான வேலை. அத்தனை வித்தையையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு பையன் புல்லாங்குழலோடு கூப்பிடுகிற மாதிரி பாட வேண்டும். ஒரு சங்கதியும் 'என்னைப் பார்' என்று நிற்காது. மேதைகளிடம் போய்ப் 'பெரிதாகப் பாடுங்கள்' என்று கேட்பது எளிது. 'சின்னதாகப் பாடுங்கள்' என்று கேட்க ஒரு தெளிவு வேண்டும். 2008-இல் 'சுப்ரமணியபுரம்' படத்தில் ஜேம்ஸ் வசந்தன் 'கண்கள் இரண்டால்' போட்டபோது ஊரே ரீதிகௌளையைப் பற்றிப் பேசியது. அந்தப் பேச்சின் கிளை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் 'கவிக்குயி'லில்தான் வந்து நிற்போம்.

இதே மெட்டை அதே படத்தில் ஜானகியும் பாடியிருக்கிறார். இந்த இதழைப் படித்து முடித்ததும் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

மயில் வந்த அடுத்த மாதமே 'காயத்ரி' வந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் நாவல். ஜெய்சங்கர், ஸ்ரீதேவி, ரஜினி. முழுக்க நகரத்துக் குற்றக் கதை, அந்தக் காலத்துக்கு விபரீதமான கதையும்கூட. '16 வயதினிலே' பார்த்துவிட்டு, ராஜாவுக்குக் கிராமத்தை விட்டால் வேறு தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்தப் படத்தின் பாடல்களைக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பி.எஸ். சசிரேகா பாடிய 'வாழ்வே மாயமா' ஒன்று போதும். இன்னொரு பாட்டு 'காலைப் பனியில் ஆடும் மலர்கள்'. பாடியவர் அப்போது பள்ளிக்கூட வயதில் இருந்த சுஜாதா. ஆம், பின்னாளில் 'புது வெள்ளை மழை' பாடிய அதே சுஜாதாதான். கதாசிரியரும் சுஜாதா, பாடகியும் சுஜாதா என்று டைட்டில் கார்டு போட்டவர் கொஞ்சம் குழம்பியிருப்பார்.

கோயில் மணியும் உடுக்கையும் மட்டுமல்ல, தேவாலயமும் இந்த வருடங்களில் உண்டு. 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் 'தேவன் திருச்சபை மலர்களே', 1978-இல் காரைக்குடி நாராயணன் இயக்கிய 'அச்சாணி'யில் ஜானகி பாடிய 'மாதா உன் கோவிலில்'. இரண்டாவது பாட்டை இன்றைக்கும் தேவாலயத் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் கேட்கலாம். அது ஒரு சினிமாப் பாட்டு என்பதே தெரியாமல் கூடவே பாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு திரைப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய விருது இருக்கிறதா என்ன?

1978-இன் பட்டியலைப் பார்த்தால் மூச்சு முட்டும். 'கிழக்கே போகும் ரயில்', 'முள்ளும் மலரும்', 'சிகப்பு ரோஜாக்கள்', 'இளமை ஊஞ்சலாடுகிறது', 'ப்ரியா' எல்லாம் அந்த ஒரே வருடம். பெரிய மரங்களுக்குக் கீழே சின்னச் செடிகளுக்கு வெயில் கிடைக்காது என்பார்களே, அந்தக் கதிதான் மற்றப் படங்களுக்கு. 'காற்றினிலே வரும் கீதம்' அதில் ஒன்று. தலைப்பு, 'மீரா' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பாட்டின் முதல் அடி. எஸ்.பி. முத்துராமன் இயக்கம். ஜெயச்சந்திரனின் 'சித்திரைச் செவ்வானம்', அவரும் ஜானகியும் சேர்ந்து பாடிய 'ஒரு வானவில் போலே', வாணி ஜெயராம் ஒரு முறையும் ஜானகி ஒரு முறையும் பாடிய 'கண்டேன் எங்கும்'. ஒரே படத்தில் இத்தனை. ஜெயச்சந்திரனின் குரலில் இருக்கிற அந்தத் தயக்கத்தை, பாதி சொல்லிப் பாதி விழுங்குகிற அந்தத் தன்மையை, தமிழில் ராஜா அளவுக்குப் புரிந்துகொண்டவர் இல்லை என்பது என் கட்சி. எம்.எஸ்.வி. ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். கடிதம் எழுதுங்கள், போடுகிறேன்.

ஆனால் அந்த வருடத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் 'சிட்டுக்குருவி'யின் 'என் கண்மணி' என்பேன். தேவராஜ்–மோகன் படம், பாட்டு வாலி, குரல் பாலுவும் சுசீலாவும். பேருந்தில் போகிற ஒரு ஜோடி. வாய் ஒன்று பேசுகிறது, மனசு வேறொன்று பாடுகிறது. அதற்காக இரண்டு தனித்தனி மெட்டுகள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று உள்ளே நுழைந்து, அதன் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு ஓடும். மேற்கத்திய இசையில் கௌண்டர்பாயிண்ட் என்கிற உத்தி இது. மெட்டு மட்டும் பொருந்தினால் போதாது. பாட்டு வரிகளும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு மெட்டின் சொற்களும் தனியாகப் படித்தாலும் அர்த்தம் தர வேண்டும், கோத்துப் படித்தாலும் அர்த்தம் தர வேண்டும். அதை வாலி செய்துகாட்டினார். நடுவில் பேருந்து கண்டக்டரின் குரல்கூட வருகிறது. கௌண்டர்பாயிண்ட் என்ற சொல்லையே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் அதைக் கேட்டுச் சிரித்து ரசித்தார்கள். புதிய உத்தி ஒன்றைக் கையாண்டேன் என்று அந்தப் பாட்டு எங்கேயும் அறிவித்துக்கொள்ளவில்லை. அதனால்தானோ என்னவோ, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதன் பெயர் தாமதமாகத்தான் ஏறியது.

இவ்வளவு வேகமாக இவ்வளவு வகையாக எப்படி முடிந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு காரணம் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் அவரிடம் கற்ற மேற்கத்திய இசைக் குறிப்பு எழுதும் முறை, ராஜாவின் கையில் ஒரு தொழிற்கருவியாகவே ஆனது. வயலின்காரருக்கு என்ன, புல்லாங்குழலுக்கு என்ன, பேஸ் கிட்டாருக்கு என்ன என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். வாசிப்பவர்கள் பார்த்து வாசிப்பார்கள். வாயால் பாடிக்காட்டி ஒவ்வொருவருக்கும் உருப்போட வைக்கிற நேரம் மிச்சம். அந்த நாளில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, பாடகர் பாட, சேர்ந்தே வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே எழுத்துக் குறிப்பு எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும், சலீல் சௌத்ரி போன்றவர்களின் குழுவில் கிட்டார் வாசிப்பவராகவும் கழித்த வருடங்கள் இன்னொரு காரணம். பதிவுக் கூடத்தின் பழக்கவழக்கம் அத்தனையும் 'அன்னக்கிளி'க்கு முன்பே அவருக்கு அத்துப்படி.

1979-ஐ விரைவாகக் கடக்கிறேன். அந்த வருடத்துக்குத் தனி இதழே போட வேண்டும். 'பூந்தளிர்' படத்தில் பாலுவின் 'வா பொன்மயிலே'யும், ஜென்சியின் மலையாளச் சொற்கள் கலந்த 'ஞான் ஞான் பாடணும்' பாட்டும். 'முதல் இரவு' படத்தில் 'மஞ்சள் நிலாவுக்கு'. சிவாஜியின் 'கவரிமான்' படத்தில் தியாகராஜரின் பஹுதாரி கிருதியான 'ப்ரோவ பாரமா'வை ஜேசுதாஸ் பாட, கிருதிக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அதைத் திரைக்குள் கொண்டுவந்தது. 'பொண்ணு ஊருக்குப் புதுசு' படத்தில் 'சோலைக்குயிலே' என்று எஸ்.பி. ஷைலஜாவின் வரவு. 1980-இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தபோது அது ராஜாவின் 100-வது படம். முதல் படத்திலிருந்து ஐந்து வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

படங்கள் மறைந்தும் பாட்டுகள் எப்படிப் பிழைத்தன? நம் வாசகர்களில் தென் மாவட்டத்துக்காரர்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள்: இலங்கை வானொலி. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டைப் போடும் முன் படம் ஓடியதா, ஓடவில்லையா என்று பார்த்ததில்லை. தியேட்டரில் இரண்டு வாரம்கூடத் தங்காத படத்தின் பாட்டு, தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் வருடக்கணக்கில் வீட்டுப் பாட்டாக இருந்தது. பிறகு கேசட் கடைகள் வந்தன. அறுபது நிமிட நாடா ஒன்றைக் கொடுத்து, ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். அந்தப் பட்டியல்கள்தான் 'உறவாடும் நெஞ்ச'த்தையும் 'காற்றினிலே வரும் கீத'த்தையும் காப்பாற்றி நம் கையில் கொடுத்தன. இன்று கைபேசியில் இவை எல்லாம் கிடைக்கின்றன, படத்தின் பெயரும் வருடமும் தாறுமாறாக. பாடலாசிரியர் பெயர் பெரும்பாலும் இருப்பதே இல்லை. இது எனக்குத் தீராத எரிச்சல். பழைய இசைத்தட்டின் உறையிலும் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும் யார் எழுதியது, யார் பாடியது என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 1976 முதல் 1979 வரை ராஜா இசையமைத்த படங்களின் இசைத்தட்டு உறைகளோ பாட்டுப் புத்தகங்களோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம். தபாலை நம்பி அவற்றை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ஓடி விளையாடு தாத்தா', 'துர்கா தேவி', 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு', 'துணையிருப்பாள் மீனாட்சி', 'ஆளுக்கொரு ஆசை' போன்ற 1977-ஆம் வருடப் படங்களுக்கு முதலிடம். வந்து சேர்கிறவற்றைப் பாடல், பாடியவர், எழுதியவர் என்று வரிசைப்படுத்தி, அடுத்த இதழிலிருந்து பக்கத்துக்கு ஒரு படமாக வெளியிடுகிறோம். உறையை அனுப்புகிறவர், அந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டார் என்பதையும் இரண்டு வரி எழுதினால் அதையும் சேர்த்து அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்